பச்சை நாடாவால் ஒரு வீடு

டார்ட்டுவில் நவம்பர்.
நாலு மணிக்கே தெருவிளக்கு எரியும்.
விவசாயக் கல்லூரியின் கூடைப்பந்துக் கூடத்தில்
தரையில் பச்சை நாடா ஒட்டி
எனக்கொரு வீடு கட்டிக் கொடுத்தார்கள்.

இது சமையலறை என்றாள் மாரிக்கா.
இது மகளின் அறை.
இங்கே ஜன்னல்; ஜன்னலுக்கு அப்பால் கடல்.
கடல் இருக்கவேண்டிய இடத்தில்
மடித்து நிறுத்திய டேபிள் டென்னிஸ் மேசை.

நாடகம் அவள் எழுதியது.
படிப்பது வேதியியல், மூன்றாம் ஆண்டு.
செவ்வாய்தோறும் புதுப் பக்கங்கள் வரும்.
ராத்திரி பஸ்ஸில் முணுமுணுத்து
நான் நெட்டுரு போட்ட வரி மட்டும்
அவற்றில் இருக்காது.

எனக்கு வயது இருபது.
ஹீயுமா தீவுக்குப் படகு ஓட்டும்
ஐம்பத்தாறு வயதுத் தகப்பன் நான்.
மகள் ஹேலெ என்னைவிட இரண்டு வயது மூத்தவள்,
அரைச் சாண் உயரமும் கூட.
அவள் முதல் தடவை "அப்பா" என்றபோது
பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று
திரும்பிப் பார்த்தேன்.
எல்லாரும் சிரித்தார்கள்.
மாரிக்கா சிரிக்கவில்லை.
"அதை அப்படியே வைத்துக்கொள்" என்று
பென்சிலால் எதையோ குறித்தாள்.
மறுநாள் வேண்டுமென்றே திரும்பினேன்.
"இப்போது வேண்டாம்" என்றாள்.

மனிதனுக்குக் கை இரண்டு என்று
இதற்குமுன் யாரும் எனக்குச் சொன்னதில்லை.
தெருவில் அவை பாட்டுக்கு எங்கோ இருக்கும்.
இங்கே வந்ததும் இடக்கை
கடன் கேட்டு வந்தவன்போல் பக்கத்திலேயே நிற்கிறது.
பைக்குள் விட்டேன். "எடு."
மேசைமேல் வைத்தேன்.
மேசை இல்லை.

சுவருக்குள் நடந்தால் பத்து சென்ட் அபராதம்.
ஊறுகாய் ஜாடி ஒன்று மூலையில்.
முதல் வாரக் காசில் எல்லாரும் காப்பி குடித்தோம்,
முக்கால்வாசி என் உபயம்.
இரண்டாம் வாரம் ஜாடி சத்தமே போடவில்லை.
எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை.

மகள் வீட்டைவிட்டுப் போகும் காட்சி.
அவள் கதவை இழுத்துச் சாத்துவாள்.
பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ராய்மோ
மர அடிக்கோலால் ஓர் அறை அறைவான்,
எப்போதும் அரை நொடி தாமதமாக.
அந்த அரை நொடியில் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.
ஒருநாள் ராய்மோவுக்குக் காய்ச்சல்.
கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.
அடுத்த வரி என்னுடையது.
வரி தெரியும்.
வாயைத் திறக்கத்தான் தோன்றவில்லை.
மாரிக்காவும் எடுத்துக் கொடுக்கவில்லை.
சூடாக்கும் குழாயில் தண்ணீர் ஓடுவது கேட்டது.

வியாழக்கிழமை ஆறரைக்கு அணி வரும்.
அதற்குள் வீட்டைப் பிய்த்து எடுக்கவேண்டும்,
பசைத் தடம் இருந்தால் ஈரத்துணியால் தேய்க்கவேண்டும்.
நேற்று பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.
நாங்கள் பெஞ்சில்
பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தோம்.
வீடு இன்னும் தரையில்.
ஒரு நெட்டையன் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தான்,
வாசல் பக்கமாக அல்ல,
சமையலறைச் சுவரைப் பிளந்து
அடுப்பை மிதித்து
மகளின் கட்டிலிலிருந்து எம்பி
வளையத்துக்குள் போட்டான்.

"டேய், சுவர்!"
கத்தியது நான்தான்.

அவன் தரையைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
தோளைக் குலுக்கிவிட்டுப் பந்தைத் துரத்திப் போனான்.
ஹேலெ ஒற்றைக் கால் பூட்ஸோடு எழுந்தாள்,
நொண்டிப் போய்
கட்டில் இருந்த இடத்தை உள்ளங்கையால் நீவிவிட்டு
திரும்பி வந்து உட்கார்ந்தாள்.
கிண்டலாகத்தான் செய்தாள்.
கிண்டல் என்றுதான் நினைக்கிறேன்.

பாலத்தில் காற்று காதை அறுத்தது.
இன்னும் இருபத்து மூன்று நாள்.
கடைசிப் பக்கம் இன்னும் எழுதப்படவில்லை,
படகு கரை சேருமா என்று
ஓட்டுகிறவனுக்கே தெரியாது.

விடுதி அறையில் பூட்ஸைக் கழற்றினால்
காலுறையின் அடியில் ஒரு சாண் பச்சை நாடா,
தூசியும் யாருடையதோ முடியும் ஒட்டி.
எந்தச் சுவர் என்று தெரியவில்லை.
நாளைக்குக் கேட்கவேண்டும்.