கடைமடைக்கு ஒரு பெட்டி

முதலில் வந்தது முதலில் போக வேண்டும்.
சுவரில் நான் எழுதி ஒட்டியது இது ஒன்றுதான்.
மற்றதை மூக்கு சொல்லும்:
சோப்புக்குப் பக்கத்தில் தேயிலையை அடுக்காதே,
ஒரே ராத்திரியில் வாசனையை வாங்கிக்கொள்ளும்.
போன ஆனியில் இன்னாசி அடுக்கிவிட்டான்.
வடுவூரில் ஒரு டீக்கடை முழுக்க
மல்லிகை சோப்பாய் மணந்ததாம்.
பதினான்கு பெட்டி திரும்பி வந்தது,
என் கணக்கில்.

நீடாமங்கலம்.
ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், தகரக் கூரை.
வருவதை நிறுத்துவதும்
நிறுத்தியதைப் பிரித்து அனுப்புவதும் என் வேலை.
மூணாத்துத் தலைப்பில் ஷட்டர் திருப்புகிறவருக்கும்
இதே வேலைதான்.
வெண்ணாறு வந்து நிற்கும்,
கோரையாற்றுக்கு இவ்வளவு, பாமணிக்கு இவ்வளவு என்று விடுவார்.
அவர் லஸ்கர், அரசாங்கச் சம்பளம்.
நான் ஸ்டாக் கீப்பர் தையல்நாயகி,
ஞாயிறு அரை நாள்.

அட்டைப்பெட்டியின் மேல் இரண்டு அம்பு,
ஒரு குடை, ஒரு கண்ணாடிக் கோப்பை.
ஏழுக்கு மேல் வேண்டாம் என்கிறது பிஸ்கட்.
எட்டாவதை வைத்தால்
அடிப்பெட்டி சத்தமில்லாமல் மூலை மடங்கும்.
பார்த்தால் தெரியாது, தடவினால் தெரியும்.
என் வீட்டிலும் ஒரு எட்டாவது உண்டு.
அதை இங்கே எழுதவில்லை.

ஐப்பசி. கேட் போட்டாச்சு.
ஜபருல்லா வண்டியை அணைத்துவிட்டு போன் செய்கிறார்:
'நாப்பத்திரண்டு வேகன் அக்கா, அத்தனையும் நெல்லு.
அது வெளியே போற வரைக்கும்
நான் உள்ளே போக முடியாது.'
பின்னால் ஹாரன், மழை,
வேர்க்கடலை விற்கிறவனின் குரல்.
கடைசிக் கடை ஜாம்புவானோடை.
எட்டு மணிக்கு மேல்
கதவைப் பாதி இறக்கிவிடுவார்கள்.

கடைமடை அது.
தண்ணீர் முறை வைத்துத்தான் போகும்,
சில வருஷம் முறை வந்தும் போகாது.
இரண்டு ரூபாய் ஷாம்பு ஒரு வாரமும் தவறியதில்லை.
ஆவணியில் வாய்க்கால் வெடித்துக் கிடந்தபோது
கடைக்காரி சகாயமேரி
ஒரு பெட்டி சேர்த்துக் கேட்டாள்.
'அடிபம்புல உப்புத் தண்ணி.
ரெண்டு பாக்கெட் போட்டாத்தான் நுரையே வருது.'
கூடுதல் ஒன்று என்று எழுதினேன்.
காரணம் எழுத பில்லில் கட்டம் இல்லை.
மாதக் கடைசியில்
விற்பனை ஏறியதற்கு மேலாளர் லட்டு வாங்கித் தந்தார்.

இப்போது பலகைக்குக் கீழே தண்ணீர்.
பலகை ஐந்து அங்குலம், தண்ணீர் நாலு.
நடுவில் இருக்கும் ஒரு அங்குலத்துக்குத்தான்
எனக்குச் சம்பளம்.
இன்னாசி கீழ் வரிசையைத் தூக்கி மேலே போடுகிறான்.
'முதல்ல வந்தது எதுக்கா?'
'பாக்காதே, ஏத்து.'
எட்டு. ஒன்பது.
தேயிலையின் தலையில் சோப்பு.
கரண்ட் போய், செல்போன் வெளிச்சத்தில்
குடைப் படமும் கோப்பைப் படமும்
தலைகீழாக நிற்கின்றன.

ஒன்பதே காலுக்கு மறுபடி போன்.
இறக்கி, கையெழுத்தும் வாங்கியாச்சாம்.
ஒரு பெட்டி மட்டும் குறைகிறதாம்.
'எது?'
'ஷாம்பு. ஆனா அவசரமில்லேங்குது அந்தம்மா.
அண்டா நிறைய மழைத்தண்ணி புடிச்சு வெச்சிருக்கு.
ஒண்ணு போட்டாலே பொங்குதாம்.'

சரி என்றேன்.
அந்தப் பெட்டி இங்கேதான் இருக்கும்,
எதன் அடியிலோ.