சாளைக்குப் பக்கத்தில் ஒரு இலை

முந்நூறு மூடு ரப்பர் வெட்டுகிறவளுக்கு
ஆழம் என்றால் என்னவென்று தெரியும் என நினைத்திருந்தேன்.
பால் வரும் இடத்துக்கும் மரம் நோகும் இடத்துக்கும் நடுவே
ஒரு அரிசி கனம்.
அந்தக் கனத்தில்தான் இருபது வருசமாகச் சோறு.

தோலில் அந்தக் கணக்கு செல்லவில்லை.
முதல் துண்டில் சுழல்கத்தி அடிவரை போய்
மேசையைத் தொட்டது.
இரண்டாவதில் பயந்து
நகம் கீறின மாதிரி ஒரு கோடு.
பாதிக் கனம் வெட்டு என்கிறார்கள்.
யாருடைய பாதி?

ஆனி மழை. குலசேகரத்தில் பதினோரு நாளாய் வெட்டு இல்லை.
ரெயின் கார்டு கட்டாத தோட்டம், முதலாளி கோட்டயத்தில்.
சிரட்டை நிறையக் கொசுப்புழு.
எனக்கு நேரம் இருந்தது.

முப்பது அச்சு ஒரு பெட்டியாகக் கூரியரில் வந்தது.
நட்சத்திரம், குதிரை லாடம்,
கண்ணால் கண்டிராத ஊர்களின் பூக்கள்.
ஒரே மத்தியானத்தில் எல்லாவற்றையும் அடித்துப் பார்த்தேன்.
பஞ்சாயத்து ஆபீசில் எல்லா மேசையும் சுற்றி வந்த
மனு மாதிரி ஆயிற்று தோல்.
வின்சிலாஸ் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு,
"இதுல ஒப்பு மட்டும் பாக்கியாக்கும்" என்றான்.

பெட்டியை மூடிவிட்டு ஒன்றை மட்டும் வெளியே வைத்தேன்.
படம் எதுவும் இல்லாத அச்சு, முனையில் சும்மா ஒரு சரிவு.
வெட்டின கோட்டில் ஒரு கரையை அது தாழ்த்தும்,
மறுகரை எழுந்த மாதிரி தெரியும்.
அதை நடத்த வேண்டும்.
தூக்கித் தூக்கி வைத்தால் படிக்கட்டு விழும்.
முந்தின அடியின் பாதியில் அடுத்த அடி,
தோலை விடாமல்,
ஓட்டு மழையைவிடக் கொஞ்சம் வேகமாய்.
ஏழு நாள் இது மட்டும்.
நாற்பது கோடு போட்டேன், மூன்று தேறியது.

ஈரம் இன்னொரு வம்பு.
ஸ்பாஞ்சு வைத்த உடனே அடித்தால் தோல் சேறு,
அச்சு விழுந்து மறையும்.
காய்ந்தபின் அடித்தால் சத்தம்தான் மிச்சம்.
பழைய நிறம் திரும்பத் தொடங்கி,
கன்னத்தில் வைத்தால் இன்னும் சில்லென்று இருக்கும்
ஒரு பொழுது உண்டு.
அந்தப் பொழுது பார்த்துத்தான்
அடுத்த வீட்டு பிரிசில்லா அரைத்த மாவு கேட்டு வருவாள்.

எனக்கு வேண்டியது ரப்பர் இலை. ஒரு காம்பில் மூன்று.
நரம்பு போட முப்பதில் ஒன்றும் ஒத்துவரவில்லை.
ஆறங்குல ஆணி ஒன்றின் முனையை அரத்தால் ராவினேன்.
அருமையாக விழுந்தது நரம்பு.
மறுநாள் காலையில் ஒவ்வொன்றும் கருநீலம்.
இரும்பும் ஈரத்தோலும் கூடினால் மை என்று
யாரும் சொல்லவில்லை.
எலுமிச்சம்பழம் தேய்த்தேன், பாதி போனது.
மிச்சம் இருக்கட்டும்,
இந்த மழையில் தோட்டத்து இலைகளும்
புள்ளி விழுந்துதான் உதிர்கின்றன.

பிறகு மார்த்தாண்டத்தில் எவர்சில்வர் போல்ட்,
பதினெட்டு ரூபாய்.
ராவி முடிக்க இரண்டு நாள்,
விரலில் ஒரு கொப்புளம்.
பெட்டியில் இருக்கும் முப்பதும் இனி எனக்க தம்பி மகனுக்கு,
களிமண்ணில் குத்தி விளையாடட்டும்.

நேற்று இரவு பத்துக்கு மழை நின்றது.
மேஸ்திரி போன் செய்தார், விடியுமுன் வெட்டு உண்டு என்று.
கடப்பாக்கல் மேலே இரண்டு இலை முடிந்து கிடந்தன.
மூன்றாவதில் ஒரு கரை மட்டும் தாழ்ந்திருந்தது,
தோல் சில்லென்று, சரியான பொழுதில்.
பிளாஸ்டிக் உறையில் சுற்றி
பிரிஜ்ஜில் வைத்தேன், சாளைச் சட்டிக்குப் பக்கத்தில்.

மூன்று மணி. தலைவிளக்கு வட்டத்தில் முதல் மூடு.
கத்தி கொஞ்சம் மேலாகப் போய்விட்டது.
பால் துளிர்த்து நின்றது, ஒழுகவில்லை.
இந்தக் கை இப்போது எந்தக் கையென்று
ஒரு நிமிசம் நின்றேன்.
இன்னொரு முறை இழுத்தபோது பாக்கெட்டில் போன் அடித்தது.
"பிள்ளே, பிரிஜ்ஜில கவருக்குள்ள என்னது,
கருவாடா?"