பி-41, எழுபத்தெட்டாம் நாள்

பாலம் தாண்டி வந்துவிட்டான் ஹிஷாம்,
ஊருக்குள்தான் வழியில்லை.
வெள்ளி ரதம் நகர்கிறது.
மோட்டார் சைக்கிளை டத்தோ கெராமாட்டில் போட்டுவிட்டு
நடந்தே வருகிறேன் காக், என்றான் தொலைபேசியில்.

பெட்டிக்குள் ஊதா மூடிக் குழாய் ஒன்று.
ஏழு வயது இடுப்பெலும்பிலிருந்து
காலையில் உறிஞ்சிய இரண்டு மில்லி மஜ்ஜை.
ஐஸ் பட்டால் செல் வெடிக்கும்,
வெயில் பட்டால் சாகும்.

தேங்காய் ஓட்டில் வழுக்காமல்
பெட்டியைத் தோளில் ஏற்றியிருக்கிறான்.
பால்குடம் என்றே நினைத்திருப்பார்கள்.
யாரோ "வழி விடுங்க, வழி விடுங்க" என்று முன்னால் ஓட,
யாரோ பந்தலிலிருந்து மோர் நீட்ட,
சட்டையெல்லாம் தேங்காய்த் தண்ணீரும் வியர்வையுமாய்
ஆறே காலுக்கு வந்து நின்றான்.

போன வருடம் இந்த ஆய்வின் ஒப்புதல் படிவத்தைத்
தமிழில் எழுதச் சொன்னார் டாக்டர் ஃபரிடா.
மருந்துக்குப் பின்னும் ஒளிந்திருக்கும் புற்றை எண்ணுவது;
ஒன்றும் அகப்படாத பிள்ளைக்கு
விஷத்தைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்பது.
"எச்ச நோய்" என்று எழுதினேன்.
பள்ளியில் எனக்கு இலக்கணம் பிடிக்கும்.
வந்து, போய், செத்து, பிழைத்து,
ஒரு முற்றுக்காகக் காத்து நிற்கும் வினையெச்சங்கள்.

சுங்கை பட்டாணியிலிருந்து வந்த ஒரு தாய்
விரல் வைத்துப் படித்துவிட்டுக் கேட்டாள்:
"எச்சம்னா, மைனா போடுமே, அதுங்களா?
மிச்சம்னு போடுங்க டீச்சர்.
சட்டியில மிச்சம் இருக்கான்னு பாக்குற மாதிரி."
நான் டீச்சர் இல்லை என்று சொல்லவில்லை.
பதினோரு இடத்தில் அடித்து எழுதினேன்.
நெறிமுறைக் குழுவுக்குத் திரும்பிப் போன படிவம்
மூன்று வாரம் கழித்து முத்திரையோடு வந்தது.

இரவு பத்தரை.
லேசர் கதிரின் முன்னால்
ஒற்றை வரிசையில் போகின்றன செல்கள்,
இருபது லட்சம்.
வெளியே கூட்டமும் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும்
என்கிறாள் மெய் யீ.
மூன்றாம் மாடிவரை கேட்கிறது தேங்காய் உடைவது.

திரையில் மூட்டம் மூட்டமாய்ப் புள்ளிகள்.
ஓர் ஓரத்தில், இருக்கக் கூடாத இடத்தில்,
அறுபத்து மூன்று.

மருந்து ஓய்ந்த மஜ்ஜையில்
புதிதாய்ப் பிறக்கும் செல்லும்
பார்க்கப் புற்றின் ஜாடையில்தான் இருக்கும்.
முளையா, மிச்சமா?
மெய் யீ மிச்சம் என்கிறாள்.
நான் முளை என்கிறேன்,
நான் சொல்வதை நானே நம்பாமல்.
ஏழு வயது என்று தெரிந்தபின் கண் பொய் சொல்லும்.
அதற்காகத்தானே பெயரை அழித்து எண் கொடுத்தார்கள்,
வயதை அழிக்க மறந்துவிட்டார்கள்.

குழாயடியில் கிடந்த சொட்டில்
இன்னொரு சாயம் சேர்த்தோம்.
மெய் யீ பிஸ்கட் தின்றாள்.
நான் கைகழுவிவிட்டு வந்து மறுபடி கைகழுவினேன்.

புள்ளிகள் இம்முறை கட்டியாய்த் திரளவில்லை.
வளைந்து வளைந்து மேலேறின,
மணியடித்ததும் மாடிப்படியில் பிள்ளைகள் போவதுபோல,
முன்னால் சில, தயங்கிப் பின்னால் சில.
புற்றுக்கு முதிரத் தெரியாது,
பெருகத்தான் தெரியும்.
மெய் யீ ஒன்றும் பேசாமல்
பிஸ்கட் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள்.

அறிக்கையில் "இல்லை" என்று எழுத
எங்களுக்கு அதிகாரம் இல்லை.
"கண்டறியப்படவில்லை."
இருபது லட்சத்தில் தேடினோம், அகப்படவில்லை.
இருபத்தோராவது லட்சத்தை யார் பார்த்தது?

குறைத்த மருந்து போதுமா என்று தெரிய
இன்னும் நாலு வருடம், இன்னும் நூற்றைம்பது பிள்ளைகள்.
பி-41க்கு அப்போது பதினொரு வயதாகும்.
ஆகட்டும்.

கீழே, அங்சானா மரத்தடியில்,
என் மோட்டார் சைக்கிள் இருக்கையில் மைனா எச்சம்.
படிவத்தின் பின்பக்கத்தால் துடைத்தேன்.
மாநகராட்சி ஆட்கள் சாலை முழுக்கத்
தேங்காய் ஓட்டை மண்வெட்டியால் அள்ளி
லாரியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.
அள்ளி முடித்த பக்கமாகத்தான் ஓட்டிப் போனேன்.
அப்படியும் டயருக்கடியில்
ஏதோ ஒன்று நொறுங்கியது.