கட்டம் கட்டமாக

சனிக்கிழமை இரவு, பத்துமலைப் பக்கம் ஒரு மண்டபத்தில்
பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலைத் தாண்டிய நேரம்
பாட்டு திக்கியது.
நாலு வினாடிதான்.
நானூறு பேரும் மணமக்களை விட்டுவிட்டு
ஒலிபெருக்கிக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார்கள்.
மடிக்கணினியின் விசிறி
இறங்க இடம் தேடும் ஹெலிகாப்டர் மாதிரி இரைந்தது.

இன்று செவ்வாய். செந்தூல் அடுக்ககம், பதினொன்றாம் மாடி.
நாலு மணி மழை. கொடியில் துணி.
கறுப்புத் திரையில் டாப் என்று தட்டினால்
வரிசையின் உச்சியில் அதே ஆள்:
பாட்டு நிரல், தொண்ணூற்றெட்டு விழுக்காடு.
ஒரு பாட்டுப் பாட இவ்வளவு மூச்சா?

இம்பியில் இருநூற்றெண்பது வெள்ளிக்கு வாங்கிய பழைய யந்திரம்.
விண்டோஸ் தாங்காது என்று சொல்லி
லினக்ஸை மிக மெலிசாகப் போட்டுத் தந்தவன் நோர்ஹிஷாம்.
அழைத்தேன். ஈக்குவலைசரை அணை என்றான்.
அணைத்தேன். தொண்ணூற்றெட்டு.
துள்ளும் வண்ணக் கம்பிகளை நிறுத்தினேன். தொண்ணூற்றேழு.
அட்டைப் படங்களை நீக்கினேன்,
கோப்புறையைத் திரும்பத் திரும்பத் துழாவாதே என்று
அமைப்புக்குள் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.
தொண்ணூற்றெட்டு.

சாரல் உள்ளே அடிக்கிறதா பார்க்கலாம் என்று
திரையிலிருந்த சாளரத்தைச் சுருக்கிவிட்டு
சுவரிலிருந்த சாளரத்தை மூடப் போனேன்.
விசிறி அடங்கிவிட்டது.
பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியானால் பாடுவதில் இல்லை பாரம்.
காட்டுவதில்.

ஆங்கிலப் பாட்டு ஒன்றைப் போட்டேன்: நாலு விழுக்காடு.
தமிழ்ப் பாட்டு: ஹெலிகாப்டர்.
மேலே ஊர்ந்துபோகும் தலைப்பில் வெறும் கட்டங்கள்.
இந்த யந்திரத்தில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை;
எனக்குப் பழகிப்போயிருந்தது.
ஐந்து கட்டம், ஓர் இடைவெளி, மூன்று கட்டம் என்றால் பெண் நுழையும் பாட்டு.
ஒன்பது கட்டம் சேர்ந்தாற்போல் வந்தால் கேக் வெட்ட.
எட்டு மாதம் கட்டங்களை எண்ணியே தொழில் நடத்தியிருக்கிறேன்.
ஒருமுறை எண்ணிக்கை தவறி
மாமனார் மாலை வாங்கும்போது குத்துப்பாட்டு வந்ததையும்
சொல்லத்தான் வேண்டும். ஆடினார், நல்ல மனிதர்.

நேரம் எங்கே செலவாகிறது என்று அளக்கும் கருவியை ஓட்டினேன்.
தலைப்பு ஒரு புள்ளி நகரும்போதெல்லாம்
நிரல் ஓர் எழுத்தைத் தூக்கிக்கொண்டு போய்
நாற்பத்தோரு எழுத்துருக்களின் கதவையும் தட்டுகிறது.
ழ இருக்கிறதா?
இல்லை.
இங்கே?
இல்லை.
கடைசிக் கதவும் சாத்தியதும் ஒரு கட்டம் வரைகிறது.
உடனே மறந்துவிட்டு
முதல் கதவுக்குத் திரும்புகிறது,
வினாடிக்கு அறுபது முறை.

கிடைத்ததைக் குறித்துவைக்கத் தெரிந்தவர் எழுதிய நிரல்.
கிடைக்கவில்லை என்பதைக் குறித்துவைக்க
அவர் ஒரு வரி ஒதுக்கவில்லை.

நோர்ஹிஷாம் சொன்னான்: துக்கார் நாமா லா,
எல்லாப் பெயரையும் ரூமியில் அடித்துவிடு, பத்து நிமிட வேலை.
சரியாகத்தான் சொன்னான். வேலை செய்யும்.
பதிவிலாகாவிலும் அப்படித்தான் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது:
எழிலரசியாக உள்ளே போய் எலிலராசியாக வெளியே வந்தேன்.
ஆறு வருடம் பள்ளியில் எலிராணி.
அந்த அலுவலர்
ஒரு கதவைக்கூடத் தட்டிப் பார்க்கவில்லை.

ஒரே ஓர் எழுத்துரு. நூற்றெண்பது கிலோபைட்.
நிறுவவா என்று கேட்டது, ஆம் என்றேன்.
நிரலை மூடித் திறந்தேன்.
நாலு விழுக்காடு.
கட்டங்கள் கலைந்து பெயர்கள் வந்தன.
ஐந்தும் மூன்றுமாய் இருந்த பாட்டில்
மணமகளுக்கு இரண்டு சுழி ன போட்டு வைத்திருக்கிறேன்,
நானே.
எட்டு மாதமாக எவர் கண்ணிலும் படவில்லை.

திருத்திக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப் வந்தது.
அடுத்த மாதம் ரவாங்கில் கல்யாணம்,
தெலுங்குக் குடும்பம், இருபத்தாறு பாட்டு.
இறக்கி, முதல் பாட்டைத் தட்டினேன்.
ஏழு கட்டம்.
விசிறி மெல்லத் தொண்டையைச் செருமியது.

துணி நனைந்தே விட்டது.