ஐந்து நிமிடப் பேச்சு

படகின் சாவியைக் கொடுக்கும் முன்
ஐந்து நிமிடம் பேச வேண்டும் நான்.
அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.
இந்தக் கோடையில் இதுவரை
நானூற்றுப் பதினோரு முறை பேசியாயிற்று.
கேட்டவர்களை எண்ணி வைக்கும்படி
முதலாளி வெர்னா சொல்லவில்லை.

வெள்ளை மிதவையில் ஆரஞ்சு வட்டம் கண்டால்
நடை வேகம்.
நேர் எதிரே படகு வந்தால்
இரண்டு பேரும் வலப்பக்கம் ஒதுங்குங்கள்.
வலப்பக்கமிருந்து குறுக்கே வருகிறவருக்கு
வழி விடுங்கள்.
நீந்துகிறவர் தலை தூரத்திலிருந்து
ஒரு வாத்தைவிடப் பெரிதாகத் தெரியாது.
ஓட்டுகிறவருக்கு பியர் கரையேறிய பிறகு.
கடைசியாக இந்தச் சிவப்புச் சுருள்கயிறு:
ஒரு முனை விசையில்,
மறுமுனை உங்கள் மணிக்கட்டில்.
நீங்கள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும்,
எஞ்சின் நின்றுவிடும்.

"நாயைக் கட்டுற மாதிரி இருக்கே"
என்றார் கர்ட் லிண்டெல்,
ஜூலை முதல் சனிக்கிழமை, காலை பத்தேகால்.
பன்னிரண்டு கேள்விக்கும் படிக்காமலே
'ஆம்' என்று தட்டிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.
கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
டிப்ஸ் ஜாடி பக்கத்திலேயே இருந்தது.

அவர் மகள் ஜூனிக்கு ஏழு வயதிருக்கும்.
மஞ்சள் மிதவை அங்கியின் வாரை
நான்தான் இழுத்து மாட்டினேன்.
வலிக்கிறது என்றாள்.
வலிக்கட்டும் என்று சொல்லவில்லை,
இன்னும் ஒரு துளை இறுக்கினேன்.

அன்று ஹார்லன் வளைவு ஏரியில்
அலைக்குப் போக்கிடமில்லை.
ஒரு படகு கிளப்பிய அலை
கான்கிரீட் கரையில் முட்டித் திரும்பும்,
அடுத்த படகின் அலை அதன் முதுகில் ஏறும்,
நடுவே யாரோ ஒருவன் ஜெட் ஸ்கீயில்
அதையே மேடாக்கித் துள்ளுவான்.
காற்று இல்லாமலே கொந்தளிப்பு.
அணைக்கட்டிய நாளில் இதற்காகவா கட்டினார்கள்,
தெரியாது. நான் பிறக்கவில்லை.

மூன்று மணிக்கு
பெட்ரோல் மேடையிலிருந்து டோபின் கத்தினான்.
முனைக்கு அப்பால்
ஒரு படகு வட்டமடித்துக்கொண்டிருந்தது.
ஓட்டுகிற இடத்தில் ஆளில்லை.
வட்டத்துக்குள் நான்கு தலைகள்.
வாத்தைவிடப் பெரிதாகத் தெரியவில்லை.

கட்டிப்போடாத நாய்
தன் ஆட்களையே சுற்றிச் சுற்றி வந்தது.
ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் நகர்ந்து,
கொஞ்சம் அவர்கள் பக்கமாக.

ரோந்து அதிகாரி ஹோல்கம்
நீல விளக்கோடு வந்து மற்றப் படகுகளை மறித்தாள்.
அதிலும் இரண்டு பேர்
ஹார்ன் அடித்தார்கள்.
டோபின் எங்கள் வேலைப் படகை ஓட்ட,
சறுக்குக் கயிறு முழுவதையும் சுருட்டி
அது வரும் பாதையில் நான் எறிந்தேன்.
முதல் முறை தவறியது.
இரண்டாம் முறை
விசிறி அதை விழுங்கியது, இருமியது, நின்றது.

மஞ்சள் அங்கி மட்டும்
தானாகவே நிமிர்ந்து மிதந்தது.
உள்ளே இருந்தவள் அழவில்லை.
லிண்டெலின் கெண்டைக்காலில் பதினேழு தையல்.
எல்லாரும் உயிரோடு,
சொல்லப்போனால் அவ்வளவுதான் செய்தி.

திங்கட்கிழமை
முன்பணம் திரும்பக் கேட்டு வந்தார், நொண்டியபடி.
"விசிறியில கயிறு போட்டது நீங்கதானே?"
வெர்னா அந்தக் கணக்கில் பாதி தள்ளினாள்.
அவர்கள் பேரம் முடியும்வரை
மேசையில் கிடந்த மாதிரிக் கயிற்றை
ஜூனி கையில் மாட்டினாள், இழுத்தாள்,
டக்.
மாட்டினாள், இழுத்தாள்,
டக்.
"வச்சிடு செல்லம்" என்றாள் வெர்னா.
அவள் வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கூட்டமில்லை.
பெட்ரோல் மேடையிலிருந்து மூன்றாம் துறைக்கு
ஒரு படகை மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது.
நாற்பது அடி.
நாற்பது அடிதானே.
பாதி வழியில் பார்த்தேன்,
விசையிலிருந்து தொங்கிய கயிற்றின் மறுமுனை
சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

யாரும் பார்க்கவில்லை.
மாட்டிக்கொண்டேன்.
ஈரமாக இருந்தது,
மணிக்கட்டில் கொஞ்சம் இறுக்கமாகவும்.