மஞ்சள் மூடி வாரம்

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது
அவனுடைய அட்டவணை.
பதினான்கு கட்டம் சிவப்பு, ஏழு கட்டம் வெள்ளை.
சிவப்பில் அவன் நியூமனில், இரும்புச் சுரங்கத்தில்.
வெள்ளையில் பெர்த்தில், என் பக்கத்தில்,
பெரும்பாலும் தூக்கத்தில்.

நான் வந்திறங்கிய மூன்றாம் நாள்
அவன் விமானம் ஏறிவிட்டான்.
"சாவி ரெண்டு, குப்பைத்தொட்டி ரெண்டு.
சிவப்பு மூடி வாராவாரம்,
மஞ்சள் மூடி ஒண்ணு விட்டு ஒரு வாரம்.
வியாழக்கிழமை ராத்திரி தெருவுல வச்சிடு."
இந்த வீட்டைப் பற்றி
அவன் சொல்லித்தந்தது அவ்வளவுதான்.

மின்சாரக் கம்பெனிக்காரி கேட்டாள்,
கணக்கு யார் பெயரில்?
சுடலைமணி.
எழுத்துக் கூட்டுங்கள் என்றாள்.
மாமியார் முன்னால் வாய்தவறியும் சொல்லாத பெயரை
எழுத்தெழுத்தாக உடைத்து
மூன்று தரம் கொடுத்தேன்.
அப்போதும் தப்பாகத்தான் வந்தது பில்.

முகாமில் அவன் வெறும் மணி.
காசு என்று நினைத்துக் கூப்பிடுகிறார்களாம்.
போனில் அவனுக்குப் பின்னால்
யாரோ "மணி, மணி" என்று கத்த
கூட்டமே சிரிக்கும், அவனும் சிரிப்பான்.
அந்தச் சிரிப்பு
எனக்கு அறிமுகமில்லாதது.

ஞாயிறுதோறும் அம்மா அழைப்பாள்.
மாப்பிள்ளை பக்கத்துல இருக்காரா?
குளிக்கிறார் என்பேன்.
பதினான்கு நாளும்
குளித்துக்கொண்டே இருப்பார் மாப்பிள்ளை.

ஒரு காலை திரைச்சீலையில்
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி.
இரவுப் பணி முடித்து அவன் உறங்கும் நேரம்.
அடித்து அடித்து ஓய்ந்தது போன்.
சாம்பார்க் கிண்ணத்தை அதன்மேல் கவிழ்த்து
காலண்டர் அட்டையை அடியில் செருகி
மூச்சை அடக்கியபடியே நடந்து
வேலியோரம் விட்டுவிட்டு வந்தேன்.
மாலையில் அழைத்தான். "என்ன விஷயம்?"
"ஒண்ணுமில்ல."
அந்த ஒண்ணுமில்லைக்கு
எட்டுக் கால்கள்.

அதற்குப் பிறகு நிறைய ஒண்ணுமில்லைகள்.
ரவுண்டானாவில் காரை அணையவிட்டு
இரண்டு முறை தோற்ற லைசென்ஸ்,
மூன்றாம் முறை கிடைத்தது,
பின்வீட்டு மரிசெலும் நானும் கடற்கரைக்கு ஓட்டிப் போய்
காற்றுக்குள் உட்கார்ந்து சிப்ஸ் தின்றது.
அவள் கணவன் வரும் வாரம்
என்னவன் போகும் வாரம்.
எங்கள் இருவருக்கும் பொதுவாக வாய்த்தது
யாருமில்லாத ஒரே ஒரு வாரம்.

அவன் வருவான்.
பூட்ஸை வாசலிலேயே கழற்றுவான்.
அவன் சட்டைகள் சுழலும் வாஷிங் மெஷினில்
செங்கல் கரைத்தது போல் தண்ணீர்.
அடுப்படியில் நின்று
ஒன்று, இரண்டு, மூன்று கதவு திறந்து
"சீனி எங்க?" என்பான்.
டப்பாக்களை நான் இடம் மாற்றியிருந்தேன்,
கட்டிலில் நடுவில் படுக்கப் பழகியிருந்தேன்,
இரண்டையும் சொல்லவில்லை.
விளிம்புக்கு நகர்ந்து இடம்கொடுத்தேன்,
விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் அல்ல,
ஆனாலும்
கொடுத்தேன் என்றுதான் சொல்ல வருகிறது.

ஐந்தாம் நாள் பால் எடுக்கப் போனவள்
அட்டவணை முன்னால் நின்று
மிச்சக் கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
கூடுதலாக வேண்டுமென்றா,
சீக்கிரம் தீரட்டுமென்றா,
அதை மட்டும் என்னிடம் நான் கேட்கவில்லை.

வியாழன் இரவு
சக்கரம் கடகடக்கும் சத்தம் தெருவில்.
எட்டிப் பார்த்தேன்.
மஞ்சள் மூடியையும் சேர்த்துத்
தள்ளிக்கொண்டு போகிறான்.
போன முறை அவன் இருந்தபோது மஞ்சள் வாரம்.
மூன்று வாரம் கழிந்தால் மாறிப்போகும் கணக்கு
அவனுக்கு எப்படித் தெரியும்?
கைப்பிடி தெருப்பக்கமா வீட்டுப்பக்கமா என்று
நின்று யோசித்து, திருப்பி வைத்து,
கையைத் துடைத்துக்கொண்டு
பெரிய வேலை முடித்தவனாக உள்ளே வந்தான்.
நன்றி என்றேன். சிரித்தான்.
இந்தச் சிரிப்பு தெரியும்.

விடியுமுன் டாக்ஸி.
ஏழு மணிக்கு லாரி வந்தது,
சிவப்பைத் தூக்கிக் கொட்டியது,
மஞ்சளைத் தொடாமல் போய்விட்டது.
எதிர்வீட்டுக்காரர் நாயோடு நின்று
அடுத்த வாரம்தான் அது என்றார்.
தெரியும் என்றேன்.

சனிக்கிழமையும் அங்கேயே நின்றது தொட்டி,
கைப்பிடி சரியான பக்கம் பார்த்தபடி.
உள்ளே இழுத்துவர
மனசு வரவில்லை.