அரைச்சாண் மேடு

கடல் மட்டம் என்கிறோம்.
கடல் ஒருநாளும் மட்டமாக இருந்ததில்லை.
இலங்கைக்குத் தெற்கே நூறு மீட்டர் குழிந்து கிடக்கிறது;
அதில் இறங்கிய கப்பல் எதுவும்
இறங்கினோம் என்று அறிந்ததில்லை.

எனக்கு அவ்வளவு பெரிய பள்ளமெல்லாம் வேண்டாம்.
பினாங்குக்கு மேற்கே
அரைச்சாண் போதும்.

இரவு இரண்டரை. கெலுகோர் அலுவலகம்.
ஏர்கானுக்கு ஜாக்கெட்,
மூடி ஒழுகும் கோப்பி ஓ.
தெலுக் பஹாங்கிலிருந்து போன படகு
எஞ்சின் செத்து மூன்று நாள்.
ரொஸ்லி, அவன் மைத்துனன், ஓர் ஐஸ் பெட்டி.
"எந்தப் பக்கம் தேடலாம்?"
கடலோரக் காவலிலிருந்து மூன்றாம் முறை.

தெற்கு, என்கிறது என் கணினிக் கடல்.
அழகான கடல். நான் வளர்த்தது.
காற்று கொடுத்தால் ஓடும், உப்பு கொடுத்தால் கனக்கும்,
தெரியாததற்கும் தயங்காமல் பதில் சொல்லும்.

மாலையில் ஒரு செயற்கைக்கோள் கடந்திருக்கிறது,
ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில்,
நீரைத் தட்டித் திரும்பிய எதிரொலியின்
நேரத்தை மட்டும் எழுதிக்கொண்டு.
கரையருகே அதற்குக் கண் மங்கல்:
மலையும் மாடிவீடும் தண்ணீரோடு கலந்துவிடும்.
அந்த எண்களைக் கிள்ளி எறிகிறேன்.
மிச்சம் ஒரு கோடு.
கோட்டின் நடுவே,
நான் பள்ளம் வைத்திருந்த இடத்தில்,
மேடு.
ஒன்பது சென்டிமீட்டர்.

"பாதிப் பாதி போடு" என்கிறாள் யோகமலர்.
மீன் பேரம்தான் இந்தக் கணக்கும்:
உன் பிழை எவ்வளவு, என் பிழை எவ்வளவு,
பிழை கூடினவன் அதிகம் இறங்கி வரவேண்டும்.
வானத்துக்கு முக்கால் கொடுத்தேன்.
கொடுக்கும்போது கொஞ்சம் வலித்தது.

கடல் மறுபடி ஓடிற்று.
மேட்டை வலப்புறம் வைத்து நீரோட்டம் வளைய,
திரையில் அம்புகள்
ஒவ்வொன்றாய்த் தலை திருப்பின.

"வடக்கே போங்க.
ஆமா, நேத்து தெற்குன்னு சொன்னதும் நான்தான்."

காலை பத்தேகாலுக்குச் செய்தி.
இருவரும் உயிரோடு.
ஐஸ் பெட்டியில் மழை பிடித்துக் குடித்தார்களாம்.
நான் குறித்த புள்ளியிலிருந்து
பதினோரு மைல் தள்ளி.

"பசியாறப் போகலாமா?" என்றாள் யோகமலர்.
நான் அந்தப் பதினோரு மைலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
இதே கோட்டுக்கு அது திரும்பி வர
இன்னும் ஒன்பது நாள்.
அதுவரை என் கடல்
தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கும்.
திரையில் இப்போதே மேடு கரையத் தொடங்கிவிட்டது.
வெளியிலும் கரைகிறதா,
தெரியாது.